கணக்கில் சேராத முதல் சூடு

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அண்ணே என்பேன். மில்லிகிராம் கணக்கிலேயே இருபத்தாறு வருடம் வேலை பார்த்த மனிதருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டால் உண்மையாகவே யோசித்துவிட்டு, அரைக் கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக என்பார். டீ கொண்டுவருகிற அம்மாள் இவருக்காகவே ஒரு தராசு வாங்கப் போவதாகப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்களை ஒருமுறை மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் படிப்பார். அவர் கையெழுத்து இருந்தால் மேனேஜர்கூட இரண்டாம் முறை பார்க்க மாட்டார்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் பட்ட பாடு விளங்காது. எங்கள் கம்பெனி மின்சாரம் பாயும் ரப்பர் செய்கிறது. ரப்பர் என்றால் ஷாக் அடிக்காது என்றுதானே சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். அதில் போதுமான அளவு கரித்தூளைக் கலந்துவிட்டால், ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்கு என்று மின்சாரம் ஊர்ந்து போகும், போகிற வழியில் ரப்பர் சூடாகும். அதைத் தகடாக்கி, மேலே துணி தைத்து, விரிப்பாக விற்றார்கள். விற்பனைப் பிரிவு அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தது. நாங்கள் சூட்டுப் பாய் என்போம். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், கால் மரத்துப்போனவர்கள் வீட்டுக்குத்தான் அது அதிகம் போனது.

சூட்டுப் பாயின் நல்ல குணமே அது தன்னைத் தானே அடக்கிக்கொள்வதுதான். சூடானால் ரப்பர் விரியும். விரிந்தால் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், மின்சாரம் குறையும், சூடு தணியும். ஆனால் அதற்கு ரப்பர் நன்றாக வெந்திருக்க வேண்டும். பிரஸ்ஸில் இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே அழுத்தித்தான் ரப்பரை வேகவைப்பார்கள். வேக்காடு போதாத ரப்பர் சூட்டில் இளகிவிடும். இளகிய ரப்பருக்குள் துகள்கள் மறுபடி கூடிக்கொள்ளும், மின்சாரம் ஏறும், சூடு இன்னும் ஏறும். அப்புறம் அதை அடக்க யாரும் இல்லை.

அப்படி ஒரு பாய் வெளியே போகாமல் பார்ப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். என்னுடையது தராசு மெஷின். ரப்பர் துணுக்கு சூடாகச் சூடாக எடை எவ்வளவு குறைகிறது, கடைசியில் கரி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பேன். அவருடையது பக்கத்து மேஜையில் சூடு மெஷின். பத்து மில்லிகிராம் துணுக்கைச் சட்டைப் பொத்தானைவிடச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் வைத்து மூடி, நிதானமாகச் சூடேற்றுவார். துணுக்கு சூட்டை வாங்கிக்கொள்கிறதா, தானே சூட்டை வெளியே விடுகிறதா என்று திரையில் ஒரு கோடு ஓடும். வேகாத ரப்பர் அந்தக் கிண்ணத்துக்குள் வேகத் தொடங்கினால் சூட்டை வெளியே விடும், கோட்டில் ஒரு மேடு எழும். வெந்த ரப்பர் என்றால் கோடு பேசாமல் போய்விடும்.

இங்கேதான் எங்கள் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. சூடு மெஷினில் எதையும் இரண்டு முறை சூடேற்றுவோம், ஒவ்வொன்றையும் ஓட்டம் என்போம். முதல் சூட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். ஒரு பொருள் எங்கள் கைக்கு வரும்போது பழைய கதையையெல்லாம் சுமந்துகொண்டு வரும்: எப்படி உருட்டினார்கள், எவ்வளவு வேகமாக ஆறவிட்டார்கள், எந்த மூலையில் போட்டுவைத்தார்கள் என்று. முதல் சூடு அதையெல்லாம் அழித்துவிடும். ஆறவைத்து இரண்டாம் முறை சூடேற்றினால் வருவதுதான் அதன் சொந்தக் குணம் என்பது பாடம். பிளாஸ்டிக் மணிகளுக்கு அது சரியான பாடமும்கூட. எங்கள் கம்பெனி முன்பு பிளாஸ்டிக் மணிகள்தான் செய்தது. செய்முறைத் தாளும் அதற்காக எழுதியதுதான். பாய் செய்யத் தொடங்கியபோது தாளின் தலைப்பை மட்டும் மாற்றினார்கள்.

பாய்க்கு எங்களுக்கு வேண்டியிருந்ததே அந்தப் பழைய கதைதான். பிரஸ்ஸில் வெந்ததா வேகவில்லையா என்பது முதல் சூட்டில்தான் தெரியும். முதல் சூட்டிலேயே துணுக்கு எங்கள் கிண்ணத்துக்குள் வெந்துவிடும், இரண்டாம் சூட்டில் கோடு சாதுவாகப் போகும். வேகாததை நாங்களே வேகவைத்துவிட்டு, வெந்திருக்கிறது என்று மூன்று வருடம் சான்று கொடுத்தோம். படித்தவர்கள் ஆறு பேர் அந்த அறையில் இருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிரஸ் ஒழுங்காக வேலை செய்ததால் எங்கள் மடத்தனம் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாற்பத்தேழாவது பேட்ச் வந்த அன்று நான் டீ கிளாஸோடு அவர் மேஜைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். முதல் சூடு ஓடிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது டிகிரிக்குப் பக்கத்தில் கோடு லேசாக எழுந்து இறங்கியது.

"இங்க ஒரு மேடு தெரியுது பாரும்மா" என்றார்.

"முதல் ஓட்டம்தானே அண்ணே. அதை யாரு கேக்கப் போறா?" என்றேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை. அவர் ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டு, நீ சொல்வதும் சரிதான் என்றார். இரண்டாம் சூட்டில் கோடு நேராகப் போனது. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார், கையெழுத்துப் போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பாய்கள் மறுநாள் லாரி ஏறின. அதில் ஒன்றை அவரே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அவர் மனைவியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அண்ணி தையல்காரி. மூன்று தெருவுக்கு அவள்தான் ஜாக்கெட்டும் திரைச்சீலையும். இரண்டு வருடத்துக்கு முன் மாடிப்படியில் துணி மூட்டையோடு வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டுக் கை மெஷினை அதன்மேல் வைத்துக்கொண்டு திரும்பவும் தைக்கத் தொடங்கிவிட்டாள். வருகிறவர்களிடம், என் காலும் நானும் பேசிக்கொண்டு ரெண்டு வருஷம் ஆச்சு என்று சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

கால் எப்போதும் சில்லென்று இருக்கும். அவளுக்கு அது தெரியாது. ஆனால் போர்வையைச் சரிசெய்யும்போது கை பட்டால் திடுக்கிடுவாள், செத்தவர்கள் காலைத் தொட்ட மாதிரி இருக்கிறது என்பாள். வேலைவிட்டு வந்ததும் அவர் அரைமணி நேரம் அந்தக் கால்களைத் தேய்த்துச் சூடாக்குவார். பாயைக் கொண்டுபோன அன்று அவள், கரண்ட் சமாச்சாரம், எனக்கோ காலில் சூடு தெரியாது, எதற்கு வம்பு என்றிருக்கிறாள். நான் கையெழுத்துப் போட்ட பாய் என்று அவர் சொன்னாராம். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து வாரம் பாய் ஒழுங்காகத்தான் இருந்தது. அவ்வளவாகக் குளிர் இல்லாததால் காலையில் ஒரு மணி நேரம்தான் போட்டார்கள். ஆறாவது வாரம் குளிர் கடுமையானது. ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் பாயைப் போட்டு, அவள் கால்களை அதன்மேல் வைத்து, போர்வை மூடிவிட்டு வேலைக்கு வந்தார். பத்து மணிக்கு மேல் ஏதோ கருகும் நாற்றம் வந்தது என்று அண்ணி பிறகு சொன்னாள். கீழ்வீட்டுக்காரர்கள் குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவர் வந்து போர்வையை விலக்கினார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இடது குதிகால் பாயோடு ஒட்டியிருந்தது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எடுத்த மூன்றாம் நாள் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் அந்தப் பாய், பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. கருகிய மூலைக்கு ஒட்டினாற்போல் ஒரு துணுக்கு வெட்டினார், மற்ற மூன்று மூலைகளிலும் ஒவ்வொன்று வெட்டினார். எடை போட்டார், கிண்ணத்தில் மூடினார். அன்று முதன்முறையாக முதல் சூட்டை உட்கார்ந்து பார்த்தார். நான்கு துணுக்கும் நேர்கோடு. மேடு இல்லை, பள்ளம் இல்லை. உலகத்திலேயே இதைவிட நல்ல ரப்பர் கிடையாது என்பதுபோலக் கோடு போனது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். பிரஸ் தட்டில் ஒரு மூலை சூடு குறைந்திருக்க வேண்டும். அதனால் அந்தப் பேட்ச்சில் ஒவ்வொரு பாயிலும் ஒரு மூலை வேகாமல் வந்திருக்கிறது. அண்ணியின் குதிகாலைச் சுட்ட சூட்டிலேயே அந்த மூலை வெந்து முடிந்துவிட்டது. இனி அந்தப் பாய் யாரையும் சுடாது. எத்தனை முறை சோதித்தாலும் நல்ல பாய் என்றுதான் வரும்.

"அன்னைக்கு ஒரு மேடு பார்த்தோமே, அந்த முதல் ஓட்டம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டரில் இடம் போதாமல் போகக் கூடாது என்று பழைய ஓட்டங்களை அழிப்பது சனிக்கிழமை தோறும் என் வேலை. மூன்று மாதம் வைத்திருந்துதான் அழிக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. முதல் ஓட்டங்களை நான் இரண்டே வாரத்தில் அழித்துவிடுவேன். யாருக்கும் வேண்டாத குப்பை என்பது என் எண்ணம். இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உலர்த்தும் பெட்டிப் பக்கம் போனார்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டை எடுத்து வைப்போம். ஈரம் ஏறாமல் இருக்க அதை எண்பது டிகிரி உலர்த்தும் பெட்டியில் வைக்கலாம் என்று நான்கு வருடத்துக்கு முன், பிளாஸ்டிக் மணிகள் செய்த காலத்தில், யோசனை சொன்னவர் இவரேதான். அதற்காகச் சுவரில் ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட மாட்டியிருக்கிறது. பெட்டியிலிருந்து துண்டை எடுத்துச் சோதித்தார். நேர்கோடு. இரண்டு மாதமாக எண்பது டிகிரியில் கிடந்த துண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே வெந்திருந்தது. கருவி முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வெளியே போய் நின்றுகொண்டேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்போம். மில்லி போய்ச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பேட்ச்சையே திரும்பப் பெற வேண்டுமென்றால் தலைமை அலுவலகம் ஆதாரம் கேட்கும், முதல் ஓட்டத்தைக் காட்டுங்கள், அல்லது ஒருமுறைகூடப் போடாத பாய் ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றார். கிடங்கில் ஒன்றுகூட இல்லை. குளிர் காலம், வந்த வேகத்தில் விற்றுப்போயிருந்தது.

அதற்கப்புறம் மில்லி அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. லாரி எந்தெந்தக் கடைக்குப் போனது என்ற பட்டியலை வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளெல்லாம் பஸ் ஏறினார். காலையில் ஆஸ்பத்திரியில் அண்ணிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிளம்புவார், சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புவார். மருந்துக்கடைகள், சக்கர நாற்காலி விற்கும் கடைகள். எல்லாம் தீர்ந்துவிட்டது, அடுத்த லோடு எப்போது வரும் என்று அவரிடமே கேட்டார்கள். வாங்கியவர்கள் விலாசம் எந்தக் கடையிலும் இல்லை. இரண்டு பேர் வீடு மட்டும் கடைக்காரருக்குத் தெரிந்தது. இரண்டு இடத்திலும் பாய் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பாயை நாள்தோறும் கொஞ்ச நேரம், நடுமுதுகுக்கு மட்டும் போட்டிருக்கலாம். மூலை மெதுவாக வெந்து தேறியிருக்கலாம். தேறாமலும் இருக்கலாம். வாசலில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு கடையில் நாற்பத்தேழு என்று முத்திரை போட்ட ஒரு பாய் இருப்பதாகத் தெரிந்தது. மூன்று பஸ் மாறிப் போனார். கடைக்காரர் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் விரித்து, வருகிறவர்கள் கை வைத்துப் பார்க்கட்டும் என்று இரண்டு மாதமாகக் காலையிலிருந்து கடை சாத்தும் வரை போட்டுவைத்திருந்தார். தொட்டுப் பாருங்கள் சார், எவ்வளவு இதமாக இருக்கிறது என்று இவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாராம். இதை எங்களிடம் சொல்லும்போது மில்லி சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

கடைசியில் மிஞ்சியது சாட்சி. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார், தர நிர்ணயப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருப்பவர். விசாரணை செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, மேனேஜர் அறையில். பாய் சுட்டதை அவர் மறுக்கவில்லை. ஆனால் போர்வைக்குள் மடங்கியதால் சுட்டிருக்கலாம் அல்லவா என்றார். மில்லி முதல் சூட்டுக் கதை முழுவதையும் எடுத்துச் சொல்லி, தான் மேட்டைப் பார்த்ததாகவும், பார்த்தும் கையெழுத்துப் போட்டதாகவும் எழுதிக் கொடுத்தார். தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மாளும் நியாயமாகத்தான் பேசினார். பாதிக்கப்பட்டவரின் கணவர் ஒருவர் வார்த்தையை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இன்னொருவரும் பார்த்ததாக எழுதிக் கொடுத்தால் இன்று சாயங்காலமே பேட்ச்சைத் திரும்பப் பெற அறிவிப்புப் போடுகிறேன் என்றார். பக்கத்து மேஜை அம்மா பார்த்தாங்க என்று மில்லி சொன்னார். என்னைக் கூப்பிட்டார்கள்.

பதினொரு வருடமாக நான் தற்காலிக ஊழியர். வருடத்துக்கு ஒருமுறை நீட்டித்துக் கொடுப்பார்கள். நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி, அந்த ஓட்டம் எங்கே என்பதுதான். நான் அழித்தேன், காலத்துக்கு முன்னாலேயே அழித்தேன் என்று சொல்ல வேண்டும். அது மட்டுமில்லை, யாரு கேக்கப் போறா என்று நான் சொன்னதும் வெளியே வரும். மில்லி அதை அவர்களிடம் சொல்லியிருக்கவே இல்லை. எனக்கு அது அப்போது தெரியாது.

"நீங்க அந்த மேட்டைப் பார்த்தீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

மில்லி என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த தன் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நான் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நாலு வரி. எப்போதும் போடுகிற மாதிரி அழகாகவே போட்டேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

செய்முறைத் தாளின்படி சோதனை சரியாகவே நடந்திருக்கிறது, பாய் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று முடிவு எழுதினார்கள். கருகிய பாயைச் சீல் வைத்து ஆய்வக அலமாரியில் போட்டார்கள். அந்த வார இறுதியில் பிரஸ்ஸின் மேல்தட்டை மட்டும் ஓசைப்படாமல் கழற்றிப் புதிதாக மாட்டினார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மில்லியைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். மில்லிகிராமில் வாழ்ந்தவர் மூட்டைக் கணக்கு எழுதினார். மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் எப்போதும்போல எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வாம்மா என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். டப்பாவைத் திறந்து, பாதியில் மூடிவிட்டேன். என் நிரந்தரக் கடிதம் ஒன்றாம் தேதி வந்தது.

அண்ணிக்கு எடுத்த இடத்திலும் புண் ஆறவில்லை. இரண்டாம் முறை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அதற்கப்புறம் காய்ச்சல் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னார் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்கப் போகாமல் நாட்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் பொறுக்காமல் கிளம்பிவிட்டேன்.

மாடியில் இரண்டு அறை வீடு. தையல் பலகையைச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள், கை மெஷினுக்கு ஒரு துண்டு போர்த்தியிருந்தது. ஜன்னல் விளிம்பில் மருந்துப் பாட்டில்கள் உயர வரிசைப்படி நின்றன, அவர் அடுக்கியது. அண்ணி பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததற்கு நான் தயாராக இல்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள், கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். சூடான கை, காய்ச்சல் சூடு.

"தங்கச்சி, உன்னைப் பார்க்கணும்னு இவர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள். "அத்தனை பேரு முன்னாடி நீ ஒருத்திதான் உண்மையைப் பேசினியாமே. இவரு எல்லாத்தையும் சொன்னாரு."

நான் மில்லியைப் பார்த்தேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ஒரு கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய கிளாஸ் அது.

அண்ணி நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நீ சொன்னதால்தானே அந்தப் பாய் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்றாள். இன்னொரு வீட்டில் இன்னொரு பொம்பளை எங்கேயோ கருகுதே என்று ஜன்னலைச் சாத்துவாளே என்றுதான் அவளுக்குத் தூக்கம் வராமல் இருந்ததாம். கால் போனதைப் பற்றிக்கூட இவ்வளவு நினைக்கவில்லையாம். இவர் வந்து, எல்லாம் வந்தாகிவிட்டது, நானூற்றுப் பன்னிரண்டையும் எண்ணி வாங்கிக் கிடங்கில் அடுக்கிவிட்டோம், அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை அங்கே போட்டிருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் நிம்மதியாகக் கண்ணை மூடினாளாம்.

"என் காலு போனாலும் போகட்டும். மத்தவங்க காலு தப்பிச்சுதே. நீ நல்லா இருக்கணும்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? தேங்க்ஸ் அண்ணி என்று ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வந்தது. எதற்குத் தேங்க்ஸ் என்று கேட்காதீர்கள். வந்தது.

அவர் என்னோடு படி இறங்கிக் கீழ்வாசல் வரை வந்தார். வெயில் ஏறியிருந்தது. எனக்கு அழுகை, கோபம், எல்லாம் ஒன்றாக வந்தது. ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க, என்னைப் பற்றி உள்ளதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

அவர் வழக்கம்போல யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அவளைப் பார்க்க வர்றவங்களே நாலு பேருதாம்மா. அதுல ஒருத்தரைக் குறைக்க மனசு வரல."

மறுநாள் காலை ஆய்வகம் திறந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். நான் பார்த்தேன் சார், மேட்டைப் பார்த்தேன், அழித்ததும் நான்தான், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஞாபகம் இல்லை, கீழே என் கையெழுத்து. அனுதாபப்பட்டுச் சொல்கிறீர்கள், எனக்குப் புரிகிறது, ஆனால் இரண்டில் எதை நான் அனுப்புவது, முடிந்துபோன கோப்பை எதைச் சொல்லித் திறப்பது என்று கேட்டார். நான் எழுதிக் கொடுத்ததை வாங்கி, அந்தத் தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்துக்கொண்டார். தலைமை அலுவலகத்துக்கு நானே மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அண்ணி அந்தச் சனிக்கிழமை இறந்துபோனாள். மில்லி நான்கு நாள் கழித்து வேலைக்கு வந்தார், கிடங்குக்கு. அடுத்த குளிருக்கான பாய்கள் இப்போது பிரஸ்ஸில் ஓடுகின்றன. சூடு மெஷினில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் சூட்டையும் பார்க்கிறேன், ஒன்றையும் அழிப்பதில்லை. நாற்பத்தேழாவது பேட்ச்சில் கருகியது எங்கள் அலமாரியில் இருக்கிறது, கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று, அவரை வாசலில் நிறுத்திய வீடுகளில் இரண்டு. மீதி நானூற்று எட்டு யார் யார் காலடியில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.